கணிப்பொறிக் காவல் பயிலும் முறை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பட்டிமன்றமும் இசையரங்கும் நடைபெறும் இம்மேடையில் கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தனர். பத்தாம் வகுப்பு மட்டுமே தேறி, இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் ஒருவருக்கு இப்பொருளைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். தகுதி ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளாக, ஞாயிறுதோறும் காலையில், நம் நூலகத்தின் பின்னறையில் அறுவர் கூடி இக்கலையைப் பயின்று வருகின்றோம். அறுவரில் இருவர் இரயில்வே ஊழியர். ஒருவர் தந்தி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். மூவர் நம் குடியிருப்புப் பிள்ளைகள். எங்களுள் எவரும் பொறியியற் பட்டம் பெற்றவரல்லர். குரல் ஒருவருடையதாயினும், சொல்லப்போவது அறுவரும் கண்டறிந்ததாகும். ஆதலின் 'நாங்கள்' என்றே பேசுகின்றோம், பொறுத்தருள்க.

இதனை ஏன் கற்கத் தொடங்கினோம்? நம் தந்தையர் காலத்தில், இரயில்வேக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்தால், ஏதேனும் ஒரு பிரிவில் வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையே தஞ்சையிலும் நெல்லையிலும் வேலூரிலும் இருந்தோரை இவ்வூருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இன்று நிலை வேறு. 2019ஆம் ஆண்டில் இரயில்வேத் தேர்வு வாரியங்கள் எழுத்தர் முதலிய பணிகளுக்காக அறிவித்த இடங்கள் ஏறக்குறைய 35,000. விண்ணப்பித்தோரோ 1 கோடிக்கும் மேற்பட்டோர். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, 'எப்படியும் கிடைத்துவிடும்' என்று நம் பிள்ளைகளுக்கு எந்த வாயால் சொல்வது? கைத்தொழில் ஒன்று வேண்டும். அது பெருஞ்செலவின்றிக் கற்கக்கூடியதாகவும், எந்த ஊருக்குப் போனாலும் சோறு போடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். தேடிப் பார்த்ததில் இத்தொழில் அகப்பட்டது.

மற்றொரு காரணம் நம் வீட்டுக் காரணம். நம் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களையும், நாடகப் படங்களையும், பெரியோர் பேசிய ஒலிநாடாக்களையும் நம் இளைஞர்கள் அரும்பாடுபட்டுக் கணிப்பொறியில் ஏற்றிவைத்தனர். அதன்பின் இரு மழைக்காலங்களில் அலமாரியிலிருந்த மலர்களிற் பல கரையானுக்கு இரையாயின. இன்று சில ஆண்டுகளின் மலர்கள் கணிப்பொறிக்குள் மட்டுமே இருக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லை. அப்பெட்டி ஒரு நாள் எழுந்திருக்க மறுத்தால் என் செய்வது? இக்கேள்வியை முதன்முதற் கேட்டவர் தந்தி அலுவலகப் பெரியவர்தாம். 2013ஆம் ஆண்டு ஜூலையில் நாட்டில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டதைக் கண்ணாற் கண்டவர் அவர். நிலையாக இருப்பது போல் தோன்றுவது எதுவும் நின்றுபோகக்கூடும் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இனி, இத்தொழில் யாது? ஆங்கிலத்தில் 'சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பர். அலுவலகங்களில் 'சிஸ்டம் அட்மின்' என்று சுருக்கி அழைப்பர். 'கணிப்பொறிக் காவலர்' என்று நாங்கள் எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். ஒரு நிறுவனத்தின் சர்வர்களும் வலையமைப்பும் இரவும் பகலும் இடையறாது இயங்கச் செய்வதும், உரியவர்க்கு மட்டும் உரிய கதவைத் திறந்துவிடுவதும், உள்ளவற்றைக் காத்து வைப்பதும், கெட்டால் மீட்பதும் இவர் கடமை. ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுபவரைப் போன்றவர் இவர். குழாயில் தண்ணீர் வரும் வரையில் அவர் பெயர் எவர்க்கும் தெரியாது. ஒரு நாள் வராவிட்டால் ஊரே அவரைத் தேடும்.

அவ்வாறு உலகமே தேடிய நாள் ஒன்று அண்மையில் வந்தது. 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு திருத்தக் கோப்பில் பிழை இருந்தது. விண்டோஸ் கணிப்பொறிகளின் அடிமனத்தில் அமர்ந்து வேலை செய்யும் மென்பொருளுக்கான திருத்தம் அது. ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி, எழுந்தும் விழுந்தும் கிடந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்ததைச் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். திருத்தத்தை அனுப்பிய நிறுவனம் அதனை விரைவிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆயினும், விழுந்த கணிப்பொறி வலையத்தோடு பேசாதன்றோ? பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பெட்டியின் முன்னும் ஓர் ஆள் சென்று, அந்தக் கோப்பைக் கையால் அகற்ற வேண்டியதாயிற்று. அவ்வாறு உறங்காமல் நடந்தவர்கள் எல்லாரும் இந்தக் காவலர்களே. ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசி வெள்ளிக்கிழமையை அவர்களுக்கு நன்றி கூறும் நாளாக 2000ஆம் ஆண்டு முதல் கொண்டாடி வருகின்றனர். அவ்வாண்டு அந்நாள் சரியாக ஏழு நாள் கழித்து வந்தது. நன்றி சொல்ல எத்தனை பேருக்கு நினைவிருந்ததோ!

எங்கே தொடங்குவது என்பதே எங்களுக்கு முதற் சிக்கலாக இருந்தது. விளம்பரப் பலகைகளைப் பார்த்தால், ஆறு மாதத்தில் அறிஞராக்குவதாகச் சொல்லிப் பல்லாயிரம் ரூபாய் கேட்கும் பயிற்சிக்கூடங்கள் தெருவுக்கு ஒன்று உள. அவற்றில் நல்லனவும் இருக்கலாம். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக் கற்கும் கலையன்று இது என்பது எங்கள் கருத்து. நீச்சலைக் கரையில் நின்று கற்றவர் உண்டோ? எங்கள் முதலீடு, உறுப்பினர் ஒருவர் பழையதென்று ஒதுக்கிய மூன்று கணிப்பொறிகள். அவற்றில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஏற்றினோம். விலை ஒன்றுமில்லை.

அது விலையின்றிக் கிடைப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் படைத்தனர். மென்பொருள் யாவரும் படித்துத் திருத்திப் பகிர்ந்துகொள்ளத்தக்கதாக இருக்க வேண்டும் என்று கூறி, 1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் யூனிக்ஸைப் போன்றதொன்றை உரிமைத் தளையின்றி உருவாக்கும் முயற்சியை அறிவித்தார். 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் அதற்கு வேண்டிய கருவை எழுதி வெளியிட்டார். உலகின் மிகப் பெரும் கணிப்பொறிகள் 500ஐ வரிசைப்படுத்தும் பட்டியலில், 2017 நவம்பர் முதல் இடம்பெறுவன எல்லாம் லினக்ஸில் இயங்குவனவே. அதே லினக்ஸ்தான் நம் பின்னறையில், மின்விசிறியின் ஓசையை மிஞ்சி இரைந்துகொண்டிருக்கும் பழைய பெட்டியிலும் ஓடுகிறது. ஏழைக்கும் செல்வர்க்கும் ஒரே பாடநூல் கிடைக்கும் துறைகள் உலகில் மிகச் சிலவே.

லினக்ஸின் கரிய திரையை முதலிற் கண்டபோது பிள்ளைகள் அஞ்சவில்லை, பெரியவர்களே அஞ்சினோம். படங்கள் இல்லை, கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். கட்டளைகளோ எல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சுருக்கங்கள். கோப்புகளைப் பட்டியலிட 'எல்எஸ்', படியெடுக்க 'சிபி', அழிக்க 'ஆர்எம்'. இச்சுருக்கத்தின் காரணத்தைத் தந்திப் பெரியவர் நொடியிற் கண்டுகொண்டார். யூனிக்ஸ் பிறந்த காலத்தில், திரைக்குப் பதிலாகத் தாளில் அடித்துக் காட்டும் டெலிபிரிண்டர்களே இருந்தன. அவை மெல்ல இயங்குவன. ஓர் எழுத்து மிச்சமானாலும் நன்று. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு எண்ணியவர்க்கு இது புதிதா? இரயில்வே ஊழியர்க்கும் புதிதன்று. சென்னை சென்ட்ரலின் பெயர் எத்தனை முறை மாறினாலும், அதன் குறியீடு இன்றும் 'மதராஸ்' நாளைய 'எம்ஏஎஸ்' தானே!

ஆங்கிலம் பற்றி ஒரு சொல். பள்ளி இறுதி வரை படித்த ஆங்கிலம் இதற்குப் போதுமா என்று கேட்கின்றனர். போதும், ஆனால் பொறுமை வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய விளக்கக் கையேடு கணிப்பொறிக்குள்ளேயே உள்ளது. 'மேன்' என்று எழுதிக் கட்டளையின் பெயரைத் தந்தால் ஏடு விரியும். அதன் நடை சட்டப் புத்தகத்தை ஒத்தது. வரிக்கு வரி நின்று படித்தால் விளங்கும். இரயில்வேயின் பொது விதிகளைப் படித்துத் தேறிய நம்மவர்க்கு அந்த நடை அச்சம் தராது. தமிழில் இத்தகைய கையேடுகள் மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது. பல முனையத் திரைகளில் தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியே நிற்பதும் வருந்தத்தக்கதே.

அலுவலகத்தில் கோப்பு என்றால் என்ன என்பது எழுத்தர்க்குத் தெரியும். யார் பார்க்கலாம், யார் குறிப்பெழுதலாம், யார் அதன்மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்ற வரையறை இல்லாத கோப்பு உண்டோ? லினக்ஸும் அவ்வாறே. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் ஒருவர், குழு ஒன்று, பிறர் என மூவகையினர். படிக்கும் உரிமைக்கு 4, எழுதும் உரிமைக்கு 2, இயக்கும் உரிமைக்கு 1 என்று மதிப்பு. மூன்றும் கூடினால் 7. எனவே 644 என்றால், உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். ஏனையோர் படிக்க மட்டும் செய்யலாம். 777 என்றால் வந்தவர் போனவரெல்லாம் எழுதலாம் என்று பொருள். ஏதேனும் இயங்காதபோது 777 கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்கப் போவோர் பலர் உளர். பதிவறைச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு அது நிகர். எங்களுடன் பயிலும் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் இட்ட தடை இதுவேயாகும்.

இம்மூவகையினர்க்கும் மேலே ஒருவர் உண்டு. 'ரூட்' என்பது அவர் பெயர். அவருக்குப் பூட்டு இல்லை; தடை இல்லை; 'செய்யட்டுமா?' என்று பல நேரங்களில் கணிப்பொறி அவரைக் கேட்பதும் இல்லை. ஒரு சொல் தவறினால் முழு அமைப்பையும் அழித்துவிடுவார். ஆதலின் அறிவுடையோர் ரூட்டாக அமர்ந்து வேலை செய்வதில்லை. வேண்டும்போது மட்டும் 'சூடு' என்னும் கட்டளை வழியாக அதிகாரத்தைக் கடன் வாங்குவர். யார், எப்போது, எதற்காக வாங்கினார் என்பது பதிவாகிவிடும். நம் தமிழ்ச் செவிக்கு அப்பெயர் கேட்கும் விதமும் பொருத்தமே, தொட்டால் சுடும்!

இந்த அதிகாரத்தோடு ஓர் அறமும் சேர்ந்தே வருகிறது. காவலர் நினைத்தால் பிறர் கடிதங்களைப் படிக்கலாம். சம்பளப் பட்டியலைப் பார்க்கலாம். படிக்கவும் கூடாது, பார்க்கவும் கூடாது. 2023ஆம் ஆண்டில் நம் நாட்டில் தனிமனிதர் தரவுகளைக் காப்பதற்கென்றே சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வருமுன்னும் தபால்காரர் நம் கடிதங்களைப் பிரித்துப் படித்தாரில்லை.

அன்பர்களே, நிலையங்களில் வைத்திருக்கும் வண்டிப் பதிவேட்டை அறிவீர்கள். எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிடத்திற்கு வந்தது, போனது, அடுத்த நிலையத்திலிருந்து 'லைன் கிளியர்' எப்போது பெறப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஏதேனும் நேர்ந்தால் விசாரணைக்கு வருவோர் முதலிற் கேட்பது அந்த ஏட்டைத்தான். கணிப்பொறியும் அத்தகைய ஏடுகளைத் தானே எழுதிக்கொண்டிருக்கிறது. 'லாக்' என்பர். கற்கத் தொடங்குவோர் பலர், கணிப்பொறி கெட்டவுடன் அதனை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்ப்பர். நல்ல காவலர் முதலில் ஏட்டைப் புரட்டுவார்.

இதற்கு எங்கள் பின்னறையிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒரு ஞாயிறன்று, சங்க மலர்கள் இருக்கும் கணிப்பொறி புதிய கோப்பு எதனையும் ஏற்க மறுத்தது. வட்டில் இடமில்லை என்றது. தேடினோம். ஒரு நிரல் ஓயாமல் ஒரே பிழையைத் தன் ஏட்டில் எழுதி எழுதி, அந்த ஏடு மட்டும் பூதமாய் வளர்ந்திருந்தது. அதனை அழித்தோம். அழித்த பின்னும் 'இடமில்லை' என்றே கணிப்பொறி சொல்லிற்று! கோப்புகளைக் கூட்டிப் பார்த்தால் பாதி இடம் காலி. வட்டைக் கேட்டால் முழுவதும் நிறைந்துவிட்டது. இஃதென்ன மாயம்? அந்த ஞாயிறு முழுதும் கையேட்டோடு மல்லாடி விடை கண்டோம். லினக்ஸில் ஒரு கோப்பை அழிப்பது என்பது, பட்டியலிலிருந்து அதன் பெயரை அடிப்பதேயாகும். அக்கோப்பை ஏதேனும் ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்குமானால், நிரல் அதனைக் கைவிடும் வரையில் இடம் விடுதலையாகாது. குடியிருப்போர் பட்டியலில் பெயரை அடித்துவிட்டாலும், ஆள் வீட்டைக் காலி செய்யாதவரை அடுத்தவர் குடிபுக முடியாதன்றோ? நிரலை நிறுத்தி மீண்டும் இயக்கினோம், இடம் திரும்பிற்று.

இதனை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்களோடு பயின்ற பிள்ளைகளுள் ஒருத்தி, இருப்புப்பாதை பராமரிக்கும் தொழிலாளி ஒருவரின் மகள். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையின் கணிப்பொறி அறைக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பித்தாள். நேர்காணலில் பட்டதாரிகள் எழுவர் இருந்தனராம். 'கோப்பை அழித்த பின்னும் வட்டு நிறைந்திருக்கிறது, ஏன்?' என்று கேட்டார்களாம். விடை சொல்வதற்கு முன் அவள் சிரித்துவிட்டாளாம். வேலை அவளுக்கே கிடைத்தது. இரவுப் பணி வேண்டாம் என்று தாயார் தயங்கினார். கேங்கு வேலைக்கும் காவலுக்கும் நள்ளிரவில் லாந்தரோடு புறப்பட்ட கணவரை முப்பது ஆண்டு வழியனுப்பியவர் அவர். மகள் அதனையே எடுத்துச் சொன்னாள். இப்போது மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. முதல் மாதச் சம்பளத்தில் எங்கள் வகுப்புக்கு ஒரு புதிய விசைப்பலகை வாங்கித் தந்தாள்.

இனி, காப்புப்படிக்கு வருகின்றோம். எங்கள் மனத்தில் இத்தொழிலின் உயிர் இதுவே. மற்றவற்றை அறியாதவர் மெல்லக் கற்றுக்கொள்ளலாம். இதனை அறியாதவரிடம் பிறர் பொருளை ஒப்படைக்கலாகாது.

2017 ஜனவரி 31ஆம் நாள் இரவு, கிட்லேப் என்னும் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணைச் சர்வரில் இருக்கும் பழைய தரவை அழிப்பதாக எண்ணி, முதன்மைச் சர்வரிலேயே அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டார். உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறக்குறைய 300 கிகாபைட்டு போயிற்று. இது பிழை, மனிதர்க்கு நேர்வது. வியப்பு இதன்பின் வருவதே. அந்நிறுவனத்தில் காப்புப்படி எடுப்பதற்கு ஐந்து முறைகள் இருந்தன. ஐந்தில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. ஒரு முறையில், படியெடுக்கும் நிரலின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமல், நெடுநாளாகப் படியே எடுபடவில்லை. அந்தத் தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ, அஞ்சல் அமைப்பின் ஒரு குறையால் ஏற்கப்படாமல் திரும்பிக்கொண்டிருந்தன. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கேட்பார் செவிக்கு எட்டவில்லை! ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முன் வேறு காரியத்திற்காகத் தற்செயலாகக் கையால் எடுத்து வைத்த ஒரு படியே அவர்களைக் காத்தது. அந்நிறுவனத்தார் நடந்தது அனைத்தையும் மறைக்காமல் ஊரறிய எழுதி வைத்தனர். அந்தப் பெருந்தன்மையால் எங்களைப் போன்றோர் இன்று கற்க முடிகிறது.

1998ஆம் ஆண்டில் பிக்சார் நிறுவனத்தார் 'டாய் ஸ்டோரி 2' என்னும் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. யாரோ இட்ட அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே மறைந்தது, காப்புப்படிகளும் பழுதாயிருந்தன. கேலின் சுஸ்மன் என்னும் அம்மையார், குழந்தை பிறந்திருந்தமையால் வீட்டிலிருந்தே பணி செய்து வந்தார். அவர் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு படி இருந்தது. அதனைக் கம்பளியாற் சுற்றி, காரில் வைத்து, மெல்ல ஓட்டிவந்து சேர்த்தனர். கைக்குழந்தையைக் கொண்டுவருவது போலவே!

இதனாற் காப்பாளர் கொள்ளும் விதி ஒன்று: மூன்று படிகள், இரு வகைப் பொருள்களில், ஒன்று வேற்றிடத்தில். நம் சங்கத்திற்கு இதனை இவ்வாறு அமைத்துள்ளோம். ஒரு படி பின்னறைக் கணிப்பொறியில். ஒரு படி தனி வட்டில், உறுப்பினர் ஒருவர் இல்லத்து இரும்பு அலமாரியில். மூன்றாவது படி, பணி ஓய்வு பெற்றுக் கோவையில் குடியேறிய நம் முன்னாள் உறுப்பினர் ஒருவரிடம். இரவு இரண்டரை மணிக்கு, புதியன மட்டும் வலையத்தின் வழியே தாமே சென்று சேரும். வழியில் எவரும் ஒற்றுக் கேளாதபடி மறையாக்கம் செய்து அனுப்பும் முறைக்கு 'எஸ்எஸ்எச்' என்று பெயர். 1995ஆம் ஆண்டில், தம் பல்கலைக்கழக வலையத்தில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைக் கண்டு, பின்லாந்தின் டாட்டு யூலோனன் என்பார் படைத்தது அது.

படியெடுத்தால் மட்டும் போதாது. எடுத்த படியிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு மீட்பு ஒத்திகை நாள். ஏதேனும் ஒரு மலரைப் பெயர் சொல்லி, இரும்பு அலமாரி வட்டிலிருந்து எடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து, முதற் பக்கமும் கடைசிப் பக்கமும் படித்துக் காட்ட வேண்டும். அப்படிச் செய்த ஒரு நாள் புதியதொரு தீங்கு வெளிப்பட்டது. தொண்ணூறுகளில் அச்சகத்திலேயே கணிப்பொறியில் கோக்கப்பட்ட மலர்கள் சிலவற்றின் மூலக் கோப்புகள் பழுதின்றித் திறந்தன. ஆனால் எழுத்துகள் எல்லாம் பொருளற்ற குறிகளாய் நின்றன. அக்காலத்தில் ஒவ்வோர் அச்சகமும் தனக்கென ஒரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லையேல் தமிழ் இல்லை. யூனிகோடில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருப்பினும், அது நம் அச்சகங்களுக்கு வந்து சேர நெடுநாள் ஆயிற்று. இடையில் 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துருக்களுக்கும் ஒரு பொது முறையை வகுத்தது. ஆகவே, கோப்பு பிழைத்திருந்தும் மொழி மாண்டுபோகலாம் என்று அன்று கண்டோம். பழைய எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலையை மூன்று பிள்ளைகளும் பங்கிட்டுக்கொண்டுள்ளனர். நான்கு மலர்கள் முடிந்தன; ஏழு எஞ்சியுள்ளன.

வலையமைப்பைப் பற்றி நேரம் கருதிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். முகவரிகள், பெயர்ப் பட்டியல், வழிகள் என்னும் மூன்றும் விளங்கினால் பாதி விளங்கும். வழிகள் அற்றால் என்ன ஆகும் என்பதை 2021 அக்டோபர் 4ஆம் நாள் பேஸ்புக் நிறுவனம் காட்டிற்று. பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளையால் அதன் சர்வர்களுக்குச் செல்லும் வழிகள் இணையத்திலிருந்தே மறைந்தன. ஏறத்தாழ ஆறு மணி நேரம் அமைதி. பழுது பார்க்கச் சென்ற பொறியாளர்களுக்கு உள்ளே நுழைவதும் உள்ளிருக்கும் கருவிகளை அணுகுவதும் கூட எளிதாக இல்லை. ஒரே தூணில் மாடி முழுவதையும் நிறுத்துவதன் கேடு இது. நாம் இதனை இருப்புப்பாதையிலும் கண்டோம். 2015 ஜூன் 17ஆம் நாள் இடார்சிச் சந்திப்பில் சைகைகளையும் பாதை மாற்றங்களையும் இயக்கும் ஒரே அறை தீக்கிரையானபோது, அதனை முழுதும் சீராக்க ஒரு மாதத்திற்கு மேல் ஆயிற்று. நூற்றுக்கணக்கான வண்டிகள் நின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் போக முடியாமல் அவ்வாண்டு தவித்தோர் இவ்வவையிலும் இருப்பீர்கள்.

ஒற்றைப் பாதையில் ஓட்டுநர் கையில் டோக்கன் இன்றி வண்டி நகராத முறையைப் பழைய ஊழியர்கள் அறிவர். லினக்ஸிலும் ஒருவர் மென்பொருள் நிறுவிக்கொண்டிருக்கும்போது மற்றவர் நிறுவ முயன்றால், 'பூட்டு வேறொருவரிடம் உள்ளது' என்று தடுத்துவிடும். பூட்டை உடைக்கும் வழியும் உண்டு. உடைப்பவர் பெரும்பாலும் அவசரக்காரரே. நம் முன்னோர் உயிரைக் காக்க வகுத்த ஒழுங்குகள் பல, கணிப்பொறிக்குள் வேறு பெயரில் உலவுகின்றன. 1986ஆம் ஆண்டில் புதுதில்லியில் முன்பதிவு கணிப்பொறிக்கு மாறும் வரையில், பெரிய பேரேடுகளில் பெயர் எழுதி இடம் கொடுத்த எழுத்தர்கள் நம் துறையினர். நாளேட்டை முடிக்காமல் மறுநாளைத் திறக்கலாகாது என்ற பழக்கம் அவர்களுடையது. கணிப்பொறி முன்பதிவும் நள்ளிரவை ஒட்டிச் சிறிது நேரம் நின்று நாட்கணக்கை முடித்துக்கொள்வதே நெடுங்கால வழக்கம்.

ஆகவே எழுத்தர் பழக்கங்களையே எங்கள் வகுப்பின் விதிகளாக்கினோம். கட்டளை இடுமுன் அதனைக் குறிப்பேட்டில் மையால் எழுத வேண்டும். எந்தக் கணிப்பொறியில் இருக்கின்றோம் என்பதை உரக்கப் படிக்க வேண்டும். கிட்லேப் பொறியாளர்க்கு இந்த ஒன்று மட்டும் வாய்த்திருந்தால்! அழிக்கும் கட்டளையானால் அருகில் மற்றொருவர் இருக்க வேண்டும். மூன்று முறை கையாற் செய்த வேலையை நான்காம் முறை நிரலாக எழுதிவிட வேண்டும். இந்நாளில் செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் கட்டளையைத் தயங்காமல் எழுதித் தருகிறது. கேட்கத் தடையில்லை, அது தந்ததைச் சோதனைக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்காமல் மலர்கள் இருக்கும் கணிப்பொறியில் இடுவதற்குத் தடை உண்டு. கணிப்பொறிக்குள்ளேயே பொய்க் கணிப்பொறி ஒன்றை அமைத்து, அதனைக் கெடுத்துக் கெடுத்துக் கற்கலாம். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதனை எத்தனை முறை கொன்று பிழைப்பித்தனர் என்பதற்குக் கணக்கில்லை.

சான்றிதழ் வேண்டுமா என்று பெற்றோர் கேட்கின்றனர். வேண்டியிருக்கும்போது பெறலாம். ரெட் ஹேட் நிறுவனத்தார் நடத்தும் தேர்வு போன்றவை, விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் தேர்வுகளல்ல; கணிப்பொறியைக் கையில் கொடுத்து, சொன்னதைச் செய்து காட்டு என்பன. அத்தகையவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் கட்டணம் சிறிதன்று. ஓராண்டு பழகிய பின்பே அதற்குப் பணம் கட்டுங்கள் என்பது எங்கள் வேண்டுகோள். நகைக்கடன் வாங்கிக் கட்டவே வேண்டாம்.

வரும் மாத முதல் ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு மீட்பு ஒத்திகை. இம்முறை எடுத்துப் பார்க்கவிருப்பவை பழைய நாடகப் படங்கள். பலவற்றில் வேடம் புனைந்து நிற்போர் யார் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த பெரியோர்கள் அன்று நூலகப் பின்னறைக்கு வந்து, படத்தைப் பார்த்துப் பெயர் சொன்னால், படத்தோடு பெயரையும் எழுதி மூன்று படிகளிலும் சேர்த்துவிடுவோம். மூக்குக் கண்ணாடியை மறவாமல் கொண்டு வருக.